எந்தக் கிளிப் என்பதற்கு முன், எந்த வயது

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் பல்லை நேராக்கக் கிளிப் போடக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். திருகோணமலை நகரம் மட்டுமல்லாமல் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கம் இருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கதிரையில் உட்காரும் முன்பே கேள்வி வந்துவிடும்: "டொக்டர், கம்பி நல்லதா, கண்ணுக்குத் தெரியாத கிளிப் நல்லதா?" கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரமும் தயாராக இருக்கும். நான் பிள்ளையின் வயதைக் கேட்பேன். பாற்பல் எத்தனை மிச்சம், தாடை எப்படி வளர்கிறது என்று பார்ப்பேன். அதைப் பார்க்காமல் எந்தக் கருவியையும் நல்லது என்று சொல்வதற்கில்லை.

எட்டு வயது மகளின் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து, நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று பதறி வரும் தாய்மார் பலர். அந்த வயதில் மேல் வேட்டைப்பற்கள் இன்னும் எலும்புக்குள்ளே இருக்கும். அவை இறங்கும் வழியில் பக்கத்துப் பற்களின் வேரைத் தள்ளுவதால்தான் முன்பற்கள் விரிகின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் வேட்டைப்பல் வெளியே வந்ததும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். "ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்துக் காட்டுங்கள்" என்று அனுப்பினால் சிலருக்கு மனம் ஆறாது. மருந்து எழுதாத வைத்தியரை நம் ஆட்கள் அவ்வளவாக நம்புவதில்லை.

காத்திருக்கக் கூடாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேற்பற்கள் நன்றாக முன்னுக்கு மிதந்து, கீழ்த்தாடை பின்தங்கி இருந்தால், உடல் வேகமாக வளரும் அந்த ஓரிரு ஆண்டுகள்தான் பொன்னான காலம். பெண்பிள்ளைகளுக்கு அது முந்தியும் ஆண்பிள்ளைகளுக்குச் சற்றுப் பிந்தியும் வரும். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கிய ட்வின் பிளொக் இதற்கென்றே உள்ள கருவி. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. இரண்டிலும் உள்ள சரிவான கட்டைகள் ஒன்றோடொன்று சந்திக்கும்போது கீழ்த்தாடை முன்னுக்கு வந்தே ஆக வேண்டும். "பெரிய பிள்ளையாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று பதினெட்டு வயதில் வந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். பல் பிடுங்கி இடம் எடுப்பதோ, கடுமையான நிலையில் தாடை அறுவைச் சிகிச்சையோதான் மிஞ்சும். கீழ் முன்பல் மேற்பல்லுக்கு வெளியே கடிக்கிற பிள்ளையையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். ஏழு வயதளவில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

மிதந்த பல் விளையாட்டில் அடிபட்டு உடைவதும் அதிகம். பாற்பல் அல்லாத நிலையான பல் வேரோடு கழன்று விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியில் பிடித்து, பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் கொண்டு வாருங்கள். தேய்த்துக் கழுவ வேண்டாம்.

பல் நெருக்கத்துக்கு மூலகாரணம் சில வீடுகளில் ஐந்தாறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. "பாற்பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்று சூத்தையை விட்டுவிடுவார்கள். வலி வந்ததும் பிடுங்கச் சொல்வார்கள். ஆனால் பின்பக்கப் பாற்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இடத்தைக் காத்துக் கொடுக்க வேண்டியவை. அவை முன்கூட்டியே போனால் ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல் முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரும் பல்லுக்கு வழியில்லை. பிடுங்கத்தான் வேண்டும் என்றால், வளைய வடிவில் இடங்காக்கும் சிறு கம்பி ஒன்றைப் பொருத்த முடியுமா என்று கேளுங்கள்.

இனி கருவிகள். பல்லின் மீது மெல்லிய அழுத்தம் விழும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். "நல்லா இறுக்கிவிடுங்கள், கெதியாக முடியட்டும்" என்று கேட்பதில் பயனில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் வேரைச் சுற்றி இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பல் நகராமல் நின்றுவிடும், வேரும் குறுகலாம். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலான நெருக்கத்துக்கும் திரும்பி முளைத்த பல்லுக்கும் பல்லில் ஒட்டும் பிரக்கெட்டும் கம்பியும்தான் இன்றும் என் முதல் தெரிவு. கழற்றி மாட்டும் தட்டு பல்லைச் சாய்க்கத்தான் செய்யும், வேரோடு நகர்த்தாது.

கண்ணுக்குத் தெரியாத கிளிப் என்று கேட்கிறார்களே, அந்தத் தெளிந்த பிளாஸ்ரிக் அலைனரைப் பரவலாக்கிய நிறுவனம் 1997இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. எளிய, நடுத்தரக் கோணல்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நாளுக்கு இருபது முதல் இருபத்திரண்டு மணித்தியாலம் வாயில் இருக்க வேண்டும். தண்ணீரைத் தவிர எதைக் குடிப்பதானாலும் கழற்ற வேண்டும். காலையில், பத்து மணிக்கு, பின்னேரம், விருந்தாளி வந்தால் என்று பிளேன்டீ குடிக்கிற ஊரில் இது எவ்வளவு தூரம் சரிவரும் என்று உங்கள் வீட்டை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

இடத்துக்காக முன்கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும் என்றதும், "மேற்பல்லில் கை வைத்தால் கண்பார்வை குறையும்" என்று பாட்டி ஒருவர் கட்டாயம் தடுப்பார். பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் தொடர்பே இல்லை. பிடுங்காமல் முடியுமா என்று எக்ஸ்ரே பார்த்து விவாதிப்பது நியாயம். கண்ணைக் காட்டி மறுப்பது நியாயமில்லை.

உண்மையில் என்னைப் பயமுறுத்துவது வேறு. காணொளியைப் பார்த்துவிட்டு, இடைவெளியை மூடச் சாதாரண ரப்பர் வளையத்தை இரண்டு முன்பற்களைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள். பல்லின் வேர் நுனியை நோக்கி ஒடுங்குவதால் வளையம் மெல்ல மெல்ல முரசுக்குள் ஏறிவிடும். வெளியே எதுவும் தெரியாது, வளையம் கழன்று விழுந்துவிட்டது என்றே நினைப்பார்கள். உள்ளே அது வேரைப் பிடித்திருக்கும் எலும்பையும் நார்களையும் அழித்துக்கொண்டே போகும். முரசு வீங்கி, பல் கீழே இறங்கி ஆடத் தொடங்கும்போதுதான் கொண்டு வருவார்கள். சூத்தை ஒரு புள்ளிகூட இல்லாத இரண்டு பற்கள் போய்விடும். அழகுக்காகக் கடையில் ஒட்டிவிடும் போலிக் கிளிப்பும் இதே வகைதான். சிகிச்சை செய்கிறவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

கம்பி கட்டிய பிறகு கச்சான், முறுக்கு, பனங்கட்டி, நண்டுக்கால் கடிப்பது எல்லாம் கொஞ்சக் காலத்துக்கு ஓய்வு பெறட்டும். நண்டுச் சதையை எடுத்துக் கொடுங்கள், பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிரக்கெட்டைச் சுற்றிச் சரியாகத் துலக்காவிட்டால் கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், சதுரமாக வெள்ளைத் திட்டும் இருக்கும். புளோரைட் பற்பசையும் பல்லிடுக்குத் தூரிகையும் அவசியம். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் அதற்கென உள்ள மெழுகை உருட்டி ஒட்டிவிட்டு அழைத்துச் சொல்லுங்கள். மூதூரிலிருந்து பஸ் ஏறி ஓடி வரத் தேவையில்லாத சங்கதிகள் நிறைய உண்டு.

கம்பி கழற்றியதும் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். புது இடத்தில் பல்லைப் பிடிக்கும் நார்கள் இறுகப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பல் பழைய இடத்துக்கே இழுபடும். அதனால் பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் கருவியான ரிடெய்னரை முதலில் நாள் முழுதும் போட வேண்டிவரலாம், பிறகு இரவில் மட்டும் போதும். எவ்வளவு காலம் என்று கேட்பவர்களுக்கு, பல் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரைக்கும் என்பேன். சாப்பிடும்போது கடதாசியில் சுற்றி வைத்தால் எச்சில் இலையோடு குப்பைக்குப் போய்விடும், பெட்டியில் வையுங்கள். கொதிநீரில் கழுவினால் வளைந்துவிடும். சில நாள் போடாமல் விட்டுத் திரும்பப் போடும்போது இறுக்கமாக இருந்தால் அன்றிரவிலிருந்து ஒழுங்காகப் போடுங்கள். பொருந்தவே இல்லை என்றால் அழுத்திப் பார்க்காமல் அந்த வாரமே கொண்டுவந்து காட்டுங்கள்.