மழை பெய்யும், பெய்யும் மழை: கணினி எழுதும் இலக்கணக் குறிப்பு

'மழை பெய்யும்.' 'பெய்யும் மழை.' அதே இரண்டு சொற்கள்தான், நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. முதலாவதில் 'பெய்யும்' வினைமுற்று, பேச்சு அங்கே முடிந்துவிட்டது. இரண்டாவதில் அதுவே பெயரெச்சம், ஒரு பெயரைத் தேடிக்கொண்டு நிற்கிறது. பள்ளியில் 'இலக்கணக் குறிப்பு வரைக' என்ற கேள்விக்கு விடை எழுதியவர்கள் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறாதபோது நாம் எதை வைத்துக் கண்டுகொள்கிறோம்? பக்கத்தில் நிற்கும் சொல்லை வைத்துத்தான்.

இதே வேலையைக் கணினி செய்வதற்குச் சொல்வகைக் குறியிடல் என்று பெயர். துறையில் இருப்பவர்கள் 'பிஓஎஸ் டேகிங்' என்பார்கள். ஒரு பத்தியைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பெயர், வினைமுற்று, பெயரெச்சம், வினையடை என்று ஒரு குறி ஒட்டிக் கொடுக்க வேண்டும். இது எதற்கு என்றால், சந்திப் பிழை திருத்தியை நினைத்துப் பாருங்கள். 'படித்த பாடம்' என்பதில் ஒற்று மிகாது. 'படிக்கச் சொன்னார்' என்பதில் மிகும். 'படித்த', 'படிக்க' இரண்டுமே அகரத்தில்தான் முடிகின்றன. ஒன்று பெயரெச்சம், மற்றது வினையெச்சம் என்று தெரியாத மென்பொருளால் இந்தப் பிழையைத் திருத்தவே முடியாது.

எத்தனை வகை என்பதே முதல் சிக்கல். தொல்காப்பியம் சொல் என்பது பெயர், வினை என இரண்டுதான் என்று தொடங்கி, இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என்கிறது. ஆங்கிலத்துக்கு அதிகம் பயன்பட்ட, பென் மரவங்கி (Penn Treebank) என்ற குறியிட்ட வாக்கியத் தொகுப்பின் பட்டியலில் நிறுத்தற்குறிகள் நீங்கலாக 36 குறிகள். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த ஒரு பட்டியலில் 17. தமிழுக்காகக் கோயம்புத்தூர் அம்ரிதா பல்கலைக்கழகத்தில் உருவான பட்டியலில் 32. வகை கூடக்கூடத் தகவல் கூடும், தவறுவதற்கான இடமும் கூடும்.

முதலில் விதிகளை எழுதிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1961-இல் அச்சான எழுத்துகளிலிருந்து 500 துண்டுகளை, துண்டுக்குச் சுமார் 2,000 சொற்கள் வீதம் திரட்டி, பத்து லட்சம் சொற்கள் கொண்ட ஒரு தரவகத்தை உருவாக்கியிருந்தார்கள். அதற்குக் குறியிட 1971 வாக்கில் 'டேகிட்' என்ற நிரல் வந்தது. மனிதர் எழுதிய விதிகளை வைத்துக்கொண்டு அது சுமார் 77 விழுக்காட்டைத்தான் சரியாகச் செய்தது. மீதியை மனிதர்கள் உட்கார்ந்து, சொல் சொல்லாகப் பார்த்துத் திருத்தினார்கள். பல ஆண்டுகள் பிடித்த வேலை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏனென்றால் பிறகு வந்த எல்லா முன்னேற்றமும் இப்படிக் கையால் திருத்திய பக்கங்களின் மேல்தான் நிற்கிறது. திருத்தி முடித்த தரவகம் கையில் இருந்தால் விதி எழுதவே வேண்டியதில்லை, எண்ணினால் போதும்.

எப்படி எண்ணுவது? 'ஓடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கூரையில் இருந்தால் பெயர், 'வேகமாக ஓடு' என்றால் வினை. கையால் குறியிட்ட தரவகத்திலிருந்து இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஒரு வகைக்கு அடுத்து இன்னொரு வகை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது. வினையடைக்கு அடுத்து, 100 முறையில் 60 முறை வினையும் 5 முறை பெயரும் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அந்த வகைக்குள் இந்தச் சொல்லின் பங்கு. 10,000 பெயர்ச்சொற்களில் 4 இடத்திலும், 10,000 வினைச்சொற்களில் 2 இடத்திலும் 'ஓடு' இருப்பதாகக் கொள்வோம். சொல்லை மட்டும் தனியே பார்த்தால் பெயர் பக்கம்தான் கனம். ஆனால் 'வேகமாக' என்பதற்குப் பின்னால் நிற்கும்போது பெயருக்கு 5 × 4 = 20, வினைக்கு 60 × 2 = 120. வினை வென்றுவிடுகிறது. கணக்குக்காக நான் போட்ட எண்கள்தான் இவை, ஆனால் முறை இதுவேதான்.

இந்த யோசனையின் வேர் இன்னும் பழையது. ரஷ்யக் கணிதவியலாளர் மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் கவிதையிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை என்று கையால் எண்ணினார். அவர் எழுத்துக்குச் செய்ததைத்தான் இங்கே சொல்வகைக்குச் செய்கிறோம்.

சரி, ஒரு சொல்லின் வகை முந்தைய சொல்லின் வகையைப் பொறுத்தது, அது அதற்கு முந்தையதைப் பொறுத்தது என்றால், எங்கே தொடங்குவது? பத்துச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு என்றால் மொத்தம் 59,049 பாதைகள். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை என்று காட்டுவது விட்டர்பி வழிமுறை. சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாக மதுரைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் வரை வரப் பல பாதைகள் இருக்கலாம். அதில் சிறந்த ஒன்றை மட்டும் குறித்து வைத்தால் போதும், மற்றவற்றை மறந்துவிடலாம். விழுப்புரத்துக்கு அப்புறம் உள்ள தூரம், எப்படி வந்து சேர்ந்தோம் என்பதால் மாறப்போவதில்லை அல்லவா? ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு வகையும் ஒரு விழுப்புரம். முதல் சொல்லுக்கு 3 கணக்கு, மீதி ஒன்பது சொற்களுக்கும் தலா 3 × 3 = 9 என, 59,049 பாதைகளுக்குப் பதில் 84 கணக்குகளில் வேலை முடிகிறது. இதை 1967-இல் ஆண்ட்ரூ விட்டர்பி கொடுத்தது மொழிக்காக இல்லை, இரைச்சலுக்கு நடுவே வந்துசேரும் சமிக்ஞையிலிருந்து அனுப்பிய செய்தியை மீட்பதற்காக. 1980-களில் மொழி ஆய்வாளர்கள் இதே வகைக் கணக்கைச் சொற்களுக்குக் கொண்டுவந்தபோது, ஆங்கிலத்தில் துல்லியம் 95 விழுக்காட்டைத் தாண்டியது.

தமிழுக்கு வந்தால் பக்கத்துச் சொல் மட்டும் போதாது, சொல்லின் வால் பெரிய சாட்சி. 'தமுக்கன் இரண்டு சிரோடுகளை முழப்பினான்.' சிரோடு என்றால் என்ன? முழப்புவது எப்படி? எனக்கும் தெரியாது, இப்போது கட்டிய சொற்கள். ஆனாலும் 'சிரோடுகளை' பன்மைப் பெயர், இரண்டாம் வேற்றுமை. 'முழப்பினான்' இறந்தகால வினைமுற்று என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வினையடியிலிருந்து ஆயிரக்கணக்கான வடிவங்கள் பிறக்கும் மொழியில் முன்பின் பார்க்காத சொல் ஒவ்வொரு பத்தியிலும் எதிர்ப்படும். அங்கே வால்தான் கைகொடுக்கிறது. அதை மட்டும் நம்பினாலும் ஆபத்து. 'தான்' என்று முடிவதெல்லாம் வினை என்றால் 'படித்தான்' சரி, 'சுல்தான்' தவறு, 'நீதான்' வேறொன்று. 'ஐ' என்று முடிவதெல்லாம் இரண்டாம் வேற்றுமை என்றால் மலையும் விலையும் மாட்டிக்கொள்ளும். எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தாமே கற்கும் இன்றைய நிரல்களான நரம்பு வலைப்பின்னல்கள் சொல்லைத் துண்டுகளாகப் பார்த்து, வாக்கியத்தின் இரு பக்கத்தையும் சேர்த்து எடைபோடுகின்றன. வாலுக்கும் அண்டை வீட்டுக்கும் எவ்வளவு எடை என்பதை அவை தாமே கற்கின்றன, ஆனால் கையால் குறியிட்ட வாக்கியங்களிலிருந்துதான்.

ஆங்கிலத்துக்கு இப்போது 97 விழுக்காடு கிடைக்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அது அதிகமாக வரும் வகையையே கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினாலே ஆங்கிலத்தில் சுமார் 90 கிடைத்துவிடும். அப்புறம், 0.97-ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள்: 0.54. அதாவது இருபது சொல் வாக்கியங்களில் ஏறத்தாழப் பாதிதான் முழுக்கச் சரியாக அமையும்.

தமிழில் தரவு குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி. பல மொழிகளுக்குப் பொதுவான வடிவில் ப்ராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்த் தொகுப்பில் இருப்பது 600 வாக்கியங்கள். அம்ரிதாவிலும் சென்னை ஏயூ-கேபிசி ஆய்வு மையத்திலும் தொகுத்தவை பெரியவை, ஆனால் குறிப் பட்டியல் இடத்துக்கு இடம் வேறு என்பதால் அப்படியே ஒன்றாகக் கொட்டிக் கலக்க முடியாது.

பட்டியல்கள் ஏன் வேறுபடுகின்றன? குறியிட உட்காருபவர் முன்னால் 'வந்தது' என்ற சொல் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். 'பேருந்து வந்தது' என்றால் வினைமுற்று. 'அவன் வந்தது எனக்குத் தெரியாது' என்றால் தொழிற்பெயர். 'நேற்று வந்தது யார்?' என்றால் வினையாலணையும் பெயர். அடுத்து 'பற்றி'. 'தீ பற்றி எரிந்தது' என்பதில் வினையெச்சம். 'உன்னைப் பற்றிப் பேசினோம்' என்பதில் அது கிட்டத்தட்ட வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது, பற்றிக்கொள்வதற்கு அங்கே எதுவும் இல்லை. இதை வினை என்று விடுவதா, தனி வகையாகப் பிரிப்பதா? ஒரு குழு ஒரு வழியையும் இன்னொரு குழு வேறு வழியையும் தேர்ந்தெடுக்கும், இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே தொகுப்புக்குள் காலையில் ஒரு குறியும் மாலையில் இன்னொரு குறியும் விழுந்தால், கணினி அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளும்.