அதே ஓட்டுகள், வேறு வேறு வெற்றியாளர்கள்

100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். வேட்பாளர்கள் மூன்று பேர்: க, ச, ப. ஒரு பெயரை மட்டும் குறிக்காமல், மூவரையும் தங்கள் விருப்ப வரிசையில் எழுதித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் க, ச, ப என்று எழுதுகிறார்கள். 35 பேர் ப, ச, க. மீதி 25 பேர் ச, ப, க. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பணம் வாங்கவில்லை, ஒரு சீட்டுகூடச் செல்லாமல் போகவில்லை.

ஜெயித்தது யார்?

முதலிடத்தில் அதிகம் பேர் எழுதிய பெயர் க, 40 ஓட்டு. பிரிட்டனிலும் கனடாவிலும் நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறைப்படி க ஜெயித்துவிட்டார். பிரான்ஸ் அதிபர் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்குள் மறுசுற்று நடக்கும். அப்படிச் செய்தால் ச வெளியேறுவார், அவருடைய 25 பேரும் ப பக்கம் போவார்கள். ப 60, க 40. இப்போது ப ஜெயித்துவிட்டார். சரி, இருவர் இருவராக மோதவிட்டுப் பார்த்தால்? ச-வும் க-வும் மோதினால் ச-வுக்கு 60. ச-வும் ப-வும் மோதினால் ச-வுக்கு 65. எதிரில் யார் நின்றாலும் தோற்காத ஒரே ஆள் ச. முதல் இரண்டு முறைகளிலும் கடைசி இடம் பிடித்தவர் அவர்தான்.

சீட்டுகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கூட்டுகிற விதம் மட்டும் மாறியது. தேர்தல் முடிந்த மறுநாள் ‘மக்கள் தீர்ப்பு’ என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பாதியை எழுதியது இந்தக் கூட்டல் விதி.

ஜனநாயகம் தோற்றுக்கொண்டிருக்கிறதா என்ற பேச்சு வரும்போது தலைவர்களைத் திட்டுகிறோம், பணத்தைத் திட்டுகிறோம், பொய்ச் செய்தியைத் திட்டுகிறோம், கடைசியில் வாக்காளரையும் திட்டுகிறோம். எதுவும் தப்பில்லை. ஆனால் இயந்திரத்தைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. மக்கள் விருப்பம் என்று ஒன்று பெட்டிக்குள் தயாராக உட்கார்ந்திருக்கிறது, எண்ணினால் வெளியே வந்துவிடும் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

அப்படி இல்லை என்பது 240 வருடங்களாகத் தெரிந்த சங்கதி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோந்தோர்சே 1785இல் காட்டியது இன்னும் விநோதமானது. மூன்று பேர் மட்டும் ஓட்டுப் போடுகிறார்கள். ஒருவர் க, ச, ப என்கிறார். இன்னொருவர் ச, ப, க. மூன்றாமவர் ப, க, ச. இப்போது க-வை ச-வுக்கு மேல் வைப்பவர்கள் இருவர், ச-வை ப-வுக்கு மேல் வைப்பவர்கள் இருவர். அப்படியானால் க, ப-வை எளிதாக வெல்ல வேண்டும் அல்லவா? எண்ணிப் பாருங்கள், ப-வை க-வுக்கு மேல் வைப்பவர்களும் இருவர். கல், காகிதம், கத்திரிக்கோல் கதைதான். தனித்தனியாக மூவருக்கும் தெளிவான புத்தி இருக்கிறது, சேர்ந்தால் வட்டமடிக்கிறார்கள்.

1951இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ இதை முழுவதுமாகப் பூட்டிவிட்டார். அவர் கேட்ட நிபந்தனைகள் சாதாரணமானவை. எல்லோரும் ஒருவரை இன்னொருவருக்கு மேல் வைத்தால் முடிவும் அப்படியே இருக்க வேண்டும். இருவருக்குள் யார் மேல் என்பதை மூன்றாவது ஆளின் வரவு மாற்றக் கூடாது. ஒரே ஆளின் சீட்டு எப்போதும் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. முடிவு வட்டமடிக்கவும் கூடாது. மூன்று பேரோ அதற்கு மேலோ போட்டியிட்டால், விருப்ப வரிசைகளை வைத்துக் கணக்கிடும் எந்த முறையாலும் இவை அத்தனையையும் எப்போதும் காப்பாற்ற முடியாது என்று நிரூபித்தார். 1972இல் பொருளாதார நோபல் பரிசு வந்தது. இதைக் கேட்டுவிட்டு ‘பார்த்தாயா, ஜனநாயகமே சாத்தியமில்லை’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவசரம் அது. எல்லா முறையிலும் ஓட்டை உண்டு என்பதால் எல்லா ஓட்டையும் ஒரே அளவு என்றாகிவிடாது.

இன்று பல நாடுகளில் இருக்கும் ‘அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி’ முறையின் ஓட்டைதான் பெரியது என்பது என் எண்ணம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலை ஃப்ளோரிடா மாநிலம் முடிவு செய்தது. புஷ்ஷுக்கும் கோருக்கும் அங்கே வித்தியாசம் 537 ஓட்டு. மூன்றாவதாக வந்த ரால்ஃப் நேடர் வாங்கியது 97,000க்கும் மேல். அவருக்குப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம் யார் என்று சீட்டு கேட்கவே இல்லை. இப்படி ஆகிவிடுமோ என்ற பயம்தான் வாக்காளரைக் கணக்குப் போட வைக்கிறது. பிடித்தவருக்குப் போட்டால் ஓட்டு வீணாகிவிடும், ஆகவே பிடிக்காதவரைத் தோற்கடிக்கக் கூடியவருக்குப் போடு. இப்படியே எல்லோரும் கணக்குப் பார்த்தால் களத்தில் இரண்டு கூடாரம் மட்டும் மிஞ்சும். அவற்றை நமக்குப் பிடிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, எதிராளியைக் கண்டு நாம் பயந்தால் போதும்.

வரிசை எழுதும் முறை இதைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியா அதை 1918 முதல் வைத்திருக்கிறது: கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். இதற்கும் ஓட்டை உண்டு. 2022இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில இடைத்தேர்தலில் பெல்டோலா, சாரா பேலின், பெகிச் மூவரும் நின்றார்கள். முதல் விருப்பத்தில் கடைசியாக வந்த பெகிச் நீக்கப்பட்டார், பெல்டோலா ஜெயித்தார். பிறகு சீட்டுகளை எடுத்துக் கணக்குப் போட்டால், நேருக்கு நேர் நின்றிருந்தால் மற்ற இருவரையும் பெகிச் வென்றிருப்பார். முதல் பத்தியில் வந்த ச-வேதான்.

இதுவரை சொன்னது ஒரே தொகுதிக்குள் நடப்பது. தொகுதிகளைச் சேர்த்து நாடாளுமன்றம் கட்டும்போது கோணல் பெருகுகிறது. 2024இல் பிரிட்டனில் தொழிற்கட்சி வாங்கிய ஓட்டு 33.7 சதவீதம். கிடைத்த இடங்கள் 650இல் 411. ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீத ஓட்டு, 5 இடம். லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம், ஆனால் 72 இடம். ஒன்றின் ஓட்டு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது, இன்னொன்றின் ஓட்டு சில பகுதிகளில் குவிந்திருந்தது. 1987இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் லிபரல் கட்சி 60 சதவீத ஓட்டில் 58 இடங்களையும் மொத்தமாக அள்ளியது. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார ஒருவரும் இல்லை.

நியூசிலாந்து இதே மாதிரி மாட்டிக்கொண்டு வெளியே வந்தது. 1978இலும் 1981இலும் அதிக ஓட்டு வாங்கிய கட்சி தோற்றது. 1993 பொது வாக்கெடுப்பில் மக்கள் முறையையே மாற்றினார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, ஒன்று கட்சிக்கு. கட்சி ஓட்டின் சதவீதத்துக்கு ஏற்றபடி மொத்த இடங்கள் அமையும் வரை பட்டியலிலிருந்து ஆட்களைச் சேர்ப்பார்கள். 1996இல் அமலுக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. விகிதாசாரத்துக்கும் விலை உண்டு. கட்சிகள் பெருகும், பேரம் நீளும். 2010 தேர்தலுக்குப் பிறகு பெல்ஜியத்தில் அரசு அமைய 541 நாள் ஆனது.

சரி, மாற்ற வேண்டும் என்றால் யார் மாற்றுவது? இங்கேதான் சிக்கல். விதியை மாற்றும் அதிகாரம் அந்த விதியால் ஜெயித்தவர்கள் கையில் இருக்கிறது. ஏணியில் ஏறியவரிடம் போய் ஏணி கோணலாக இருக்கிறது என்றால் அவருக்குக் காது கேட்காது. நியூசிலாந்தில் வாக்கெடுப்புக்கு வழி பிறந்ததே, 1987 தேர்தல் விவாதத்தில் பிரதமர் டேவிட் லாங்கி குறிப்பைத் தவறாகப் படித்துக் கொடுத்துவிட்ட வாக்குறுதியால்தான் என்று ஒரு கதை உண்டு.

இதற்கு ஒரு பழைய மருந்து இருக்கிறது: குலுக்கல். ஏதென்ஸில் 500 பேர் கொண்ட அவையைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். குடவோலையும் அதே யோசனைதான். குலுக்கலில் வந்தவருக்கு அடுத்த தேர்தல் பயம் இல்லை, கட்சி கொறடா இல்லை, ஏணியும் இல்லை. அயர்லாந்தில் இப்படிப் பொறுக்கி எடுத்த 99 சாதாரணக் குடிமக்கள் கருக்கலைப்புச் சட்டம் பற்றி மாதக்கணக்கில் நிபுணர்களைக் கேட்டு, விவாதித்து, பரிந்துரை தந்தார்கள். அரசியல்வாதிகள் பல பத்தாண்டுகளாகத் தொடப் பயந்த விஷயம் அது. 2018 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் மாற்றத்தை ஏற்றார்கள்.

தேர்தல் விதிக்கே இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த இடம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. அங்கே 2001இல் ஒரு கட்சி 57.62 சதவீத ஓட்டில் 79 இடங்களில் 77ஐ எடுத்து ஆட்சிக்கு வந்தது. தேர்தலுக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தபடி, 2004இல் அந்த அரசு குடிமக்கள் அவை ஒன்றைக் கூட்டியது. தொகுதிக்கு ஓர் ஆண், ஒரு பெண், கூடவே பூர்வகுடிகளிலிருந்து இருவர், ஆக 160 பேர், எல்லோரும் குலுக்கலில் வந்தவர்கள். ஏறக்குறைய ஒரு வருடம் வார இறுதிகளில் உட்கார்ந்து தேர்தல் முறைகளைப் படித்தார்கள். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள், வாக்காளர் விருப்ப வரிசை எழுதலாம், மிஞ்சிய ஓட்டுகள் அடுத்தவருக்கு மாறும் என்ற முறையை 146க்கு 7 என்ற கணக்கில் பரிந்துரைத்தார்கள்.

2005 மே மாதம் அது மக்கள் முன் வந்தது. ஆதரித்தவர்கள் 57.69 சதவீதம். 79 தொகுதிகளில் 77இல் ஆதரவுக்கே பெரும்பான்மை. அரசு முன்கூட்டியே வைத்திருந்த விதிப்படி 60 சதவீதம் தேவைப்பட்டதால், பரிந்துரை தோற்றதாக அறிவித்தார்கள்.