பிறழ் சாட்சியா, எதிரி சாட்சியா?

கோர்ட் படங்களின் டப்பிங்கில் 'எதிரி சாட்சி' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். வலை சரிபார்க்கிற, படகுக்குப் பெயின்ட் அடிக்கிற நேரம் போக மிச்சப் பொழுதுக்கு செல்போனில் படம்தான். அதில் வக்கீல் விறைப்பாக எழுந்து, "இவரை எதிரி சாட்சியாக அறிவிக்க வேண்டும்" என்கிறார். யாருக்கு எதிரி?

ஆங்கிலத்தில் ஹாஸ்டைல் (பகைமையுள்ள) விட்னஸ் என்பது, தன்னை அழைத்த தரப்புக்கே மாறாகப் பேசும் சாட்சி. அதற்கு நம் கோர்ட்டிலும் செய்தித்தாளிலும் வழங்குவது 'பிறழ் சாட்சி'. பிறழ்தல் என்றால் நிலை மாறுதல், புரளுதல். பழம்பாட்டில் கயல் பிறழும், பேச்சில் நா பிறழும். சாட்சி வடசொல்; கண்ணால் கண்டவர் என்பது அடிப்படை. நம் பழைய சொல் 'கரி'. 'இந்திரனே சாலுங் கரி' என்பது குறள். அதை மீட்டே தீருவேன் என்று கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு கும்பிடு. 'பிறழ்கரி' என்று எழுதினால் அடுப்புக்கரியில் புதுரகம் என்றுதான் நினைப்பார்கள்.

இனி 'எதிரி'க்கு வருவோம். நம் குற்ற வழக்குத் தமிழில் எதிரி என்றாலே குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்புகளில் '1வது எதிரி', '2வது எதிரி' என்றுதான் வரும். ராமநாதபுரம் கோர்ட் வாசலில் வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் 'எதிரி சாட்சி' என்று சொல்லிப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் பக்கம் கூட்டி வந்த சாட்சி என்றே எடுத்துக்கொள்வார். பொருள் தலைகீழ்! பெரும்பாலும் பிறழ்கிறவர் அரசுத் தரப்பு அழைத்த சாட்சி. போலீசிடம் ஒன்று சொல்லிவிட்டு, கூண்டேறி வேறொன்று சொன்னவர். 'விரோத சாட்சி'யும் உருப்படியில்லை. முன்விரோதம் உள்ள சாட்சி என்பது கோர்ட்டில் வேறு சங்கதி. பிறழ்ந்தவருக்கு அரசு வக்கீல்மேல் என்ன பகை? பயம், பணம், சொந்தக்காரர் கெஞ்சல், ஏதோ ஒன்று. ஊரில் 'பல்டி அடிச்சுட்டான்' என்கிறார்களே, அது இந்த இரண்டையும்விட எவ்வளவோ மேல்.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 154ஆம் பிரிவில் ஹாஸ்டைல் என்ற சொல்லே கிடையாது. ஒரு தரப்பு, தான் அழைத்த சாட்சியிடமே, எதிர்த்தரப்பு கேட்பதுபோல் குறுக்கு விசாரணைக் கேள்விகளைக் கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம், அவ்வளவுதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பிறழ்ந்துவிட்டார் என்பதற்காக அவர் சொன்னது முழுக்கக் குப்பைக்குப் போய்விடாது, நம்பத்தக்க பகுதியை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. எதிரி என்று முத்திரை குத்திவிட்டால் இதைப் பார்ப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு விலக்கு உண்டு. எனக்கு மிகப் பிடித்த கோர்ட் படம் 'மை கசின் வின்னி' (1992). வக்கீல் வின்னி, தான் கட்டிக்கொள்ளப்போகும் லிசாவையே கூண்டில் ஏற்றுகிறார். அவளோ அவர்மேல் கடுப்பில் இருக்கிறாள், சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறாள். ஹாஸ்டைல் சாட்சியாக நடத்த அவர் அனுமதி கேட்டதும், அந்தச் சொல்லை வைத்தே அவரை வாருகிறாள். அங்கே 'பிறழ் சாட்சி' ஒட்டாது. அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லையே. 'முரண்டு பிடிக்கும் சாட்சி' என்று போட்டால் பொருளும் நிற்கும், சிரிப்பும் வரும்.

இதற்கெல்லாம் மொழிபெயர்ப்பவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு சப்டைட்டிலில் 'அரசுத் தரப்பு ஓய்வெடுக்கிறது' என்று வந்தது. 'பிராசிக்யூஷன் ரெஸ்ட்ஸ்', அதாவது எங்கள் தரப்பு சாட்சியம் முடிந்தது என்கிறார் அந்த வக்கீல். இவர்கள் அவருக்குப் பாய் விரித்துத் தலையணையும் போட்டுவிட்டார்கள்.