டர்போவைக் குறை சொல்வதற்கு முன் சம்ப்பைக் கழற்றுங்கள்

போன வாரமும் ஒரு ட்வின் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி இரண்டு உள்ள) டீசல் கார் டோ வண்டியில் வந்து இறங்கியது. எட்டு மாதத்துக்குள் வேறொரு பட்டறையில் இரண்டு தடவை டர்போ மாற்றியாகிவிட்டது. மறுபடியும் விசில் சத்தம், இழுவை இல்லை. "எனக்கு மட்டும் ஏண்ணே டூப்ளிகேட்டாவே அமையுது?" என்கிறார் ஓனர். டூப்ளிகேட் இல்லை தம்பி. டிக்கியில் போட்டு வைத்திருந்த முதல் டர்போவைப் பிரித்துப் பார்த்தேன், ஷாஃப்ட் நீலம் பாரித்துக் கிடந்தது. ஆயில் இல்லாமல் வெந்த நிறம் அது.

இரண்டு டர்போ என்றால் இரண்டு மடங்கு பவர், ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்று நினைப்பவர்களிடம் பேசியே என் தொண்டை வறண்டுவிட்டது. எம்ஜி குளோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 1996 சிசி இன்ஜின், ஒற்றை டர்போவில் சுமார் 160 குதிரைத்திறன், இரட்டையில் சுமார் 215. எங்கே இரண்டு மடங்கு? பொதுவாக நான்கு சிலிண்டர் டீசலில் சின்ன டர்போ குறைந்த ஆர்பிஎம்முக்கு, பெரியது வேகமெடுத்த பிறகு. ஒன்றுக்கொன்று ஸ்டெப்னி கிடையாது. இரண்டும் குடிப்பது ஒரே சம்ப் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஆயிலைத்தான். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

அந்த வண்டியின் சம்ப்பை இறக்கினால், ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னர் முழுக்கத் தார். காரணம் மேலே இருந்தது: டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அடியிலுள்ள காப்பர் வாஷர் லீக். எரிந்த புகை இன்ஜின் தலையை மூடும் டேப்பட் கவருக்குள் புகுந்து ஆயிலைக் கருக்கியிருக்கிறது. சில ரூபாய் வாஷர், இரண்டு டர்போவைத் தின்றுவிட்டது. (இன்ஜின் தானாகவே பவரைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடு வந்தாலே டர்போ போச்சு என்பதும் அவசரத் தீர்ப்பு. டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் கிழிந்த ஹோஸும் அதையே செய்யும்.)

டர்போ மாற்றுகிறவர்கள் ஆயில் பைப்பையும் புதிதாகப் போடுங்கள், ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். பார்க்காமல் பில் போடாதீர்கள். ஓனர்களே, டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டிக்கு மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில்தான், கடைக்காரர் சொன்னது இல்லை. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றப் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் வரை காத்திருக்காதீர்கள். மலையேறி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். பானெட்டைத் திறந்தால் இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசுப்பு, 'சுக் சுக்' என்று ஒரு சத்தம். அன்றைக்கே கொண்டு வந்துவிடுங்கள், தயவுசெய்து.