காட்டுத்தீ ‘0 சதவீதம் கட்டுக்குள்’ என்றால் என்ன அர்த்தம்?

2025 ஜனவரி 22, புதன்கிழமை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடக்கே காஸ்டெயிக் என்றொரு ஏரி இருக்கிறது. காலை 11 மணிக்குச் சற்று முன் அந்த ஏரியை ஒட்டிய மலைச்சரிவில் புகை கிளம்பியது. இரண்டு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 5,000 ஏக்கர் எரிந்துவிட்டது. இருட்டும் நேரத்தில் 9,000 ஏக்கரைத் தாண்டியிருந்தது. முப்பதாயிரம் பேருக்கு உடனே வெளியேறும்படி உத்தரவு வந்தது. மாநிலத்தின் முதுகெலும்பான ஐ-5 நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை மூடினார்கள். ‘ஹியூஸ் தீ’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பகல் முழுக்க எரிந்த பரப்பு ஏறிக்கொண்டே போனது. பக்கத்திலிருந்த இன்னொரு எண் மட்டும் அசையவே இல்லை: கட்டுக்குள் வந்தது 0 சதவீதம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தப் பூஜ்ஜியம் வயிற்றைக் கலக்கும். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை, எல்லாம் போயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் அன்று மாலைக்குள் 4,000 தீயணைப்பு வீரர்களுக்கு மேல் அந்தத் தீயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரியிலேயே ஹெலிகாப்டர்கள் தண்ணீர் மொண்டு கொட்டின. சரிவு சரிவாக விமானங்கள் சிவப்புப் பூச்சு அடித்துக்கொண்டே போயின. இவ்வளவும் நடக்கும்போது எண் ஏன் பூஜ்ஜியத்தில் நிற்கிறது?

அந்தச் சதவீதம் எதை அளக்கிறது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். எரிந்த பரப்பில் எவ்வளவை அணைத்தோம் என்ற கணக்கு அல்ல அது. தீயின் சுற்றெல்லையில் எவ்வளவு தூரத்துக்கு வேலி போட்டாயிற்று என்ற கணக்கு. ஒரு பெரிய பொட்டலில் அவிழ்ந்த மாடு மேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு புல் தின்றது என்பது ஒரு கணக்கு. அது வெளியே போகாதபடி சுற்றிலும் எத்தனை அடி வேலி அடித்திருக்கிறோம் என்பது வேறொரு கணக்கு. உள்ளே தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கலாம். சுற்றி முழு வேலி இருந்தால் அது 100 சதவீதம். உள்ளே பாதி தானாகவே அணைந்திருக்கலாம். வேலி இல்லையென்றால் 0 சதவீதம்தான்.

அந்த வேலியைத்தான் நம் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு என்கிறார்கள். புல், புதர், சருகு, வேர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் மண் தெரியும்படி விட்ட ஒரு பட்டை. தீ அங்கே வந்து சேர்ந்ததும் தின்ன ஏதும் இல்லாமல் நிற்க வேண்டும். கோடு போட்டால் மட்டும் போதாது. காற்று அடித்தாலும் அது தாங்கும் என்று தரையில் நடந்து பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்த பிறகுதான் அந்தத் தூரத்தைச் சதவீதத்தில் சேர்ப்பார்கள். அதனால் இந்த எண் எப்போதும் நடந்த வேலைக்குப் பின்னால்தான் வரும். மதியம் போட்ட கோடு மறுநாள் காலை அறிவிப்பில்தான் தலைகாட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தீ வளர வளர எல்லையின் நீளமும் வளரும். நேற்று 20 கிலோமீட்டர் சுற்றளவில் 4 கிலோமீட்டர் வேலி இருந்தால் 20 சதவீதம். இன்று சுற்றளவு 40 ஆகி, வேலி 6 ஆகியிருந்தால் 15 சதவீதம். வேலை கூடியிருக்கிறது, எண் குறைந்திருக்கிறது. செய்தியில் ‘கட்டுப்பாடு பின்வாங்கியது’ என்று படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வேகமாக ஓடும் தீக்கு வேலி எங்கிருந்து போட ஆரம்பிப்பது? தீக்கு ஒரு தலை உண்டு, வால் உண்டு, இரண்டு விலாக்கள் உண்டு. காற்று தள்ளும் பக்கம் தலை. கிளம்பிய இடம் வால். நேரே போய்த் தலையை மறிக்கலாமே என்று தோன்றும். காற்றடிக்கும்போது தலைக்கு முன்னால் நிற்பது தற்கொலை. தீ மலையேறும்போது இன்னும் மோசம்: சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும், ஏனென்றால் சுடர் சாய்ந்து மேலே இருக்கும் புதரை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது. அதனால் வாலில், ஏற்கனவே எரிந்து கரியான இடத்தில் காலூன்றி ஆரம்பிப்பார்கள். அங்கிருந்து இரண்டு விலாக்களையும் ஒட்டி முன்னேறி, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவார்கள். எப்போதும் பக்கத்தில் கரிநிலம் இருக்கும். காற்று திரும்பினால் ஓடி ஒதுங்க அதுதான் இடம், எரிந்ததை மறுபடி எரிக்க முடியாது அல்லவா.

புல்டோசர் ஏறும் இடத்தில் புல்டோசர். ஏறாத செங்குத்தில் மனிதர்கள். இருபது பேர் கொண்ட குழு வரிசையாக நடந்தபடி வெட்டும். முதலில் ரம்பக்காரர்கள் புதரைச் சாய்ப்பார்கள். பின்னால் வருபவர்கள் புலாஸ்கி என்ற கருவியால் வேரை வெட்டுவார்கள். ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் களைக்கொத்து. கடைசியில் வருபவர்கள் மண்ணை வழித்துச் சுத்தமாக்குவார்கள். ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வெட்டு வெட்டிவிட்டு அடுத்த அடி எடுத்து வைப்பார். கடைசி ஆள் கடந்தபின் பார்த்தால் முழுக் கோடு கிடக்கும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தீக்களில் இந்த வேலை பார்த்தவர்களில் சிறைக் கைதிகள் ஆயிரம் பேர் அளவில் இருந்தார்கள். அப்போது அவர்களுக்கு நாள் சம்பளம் 5.80 முதல் 10.24 டாலர், தீயில் நிற்கும்போது மணிக்கு ஒரு டாலர் கூடுதல். ஊரைக் காத்த கைகளுக்கு இந்தக் கூலியா என்று மனசு ஆறவில்லை.

விமானங்கள் கொட்டும் சிவப்புக் கரைசல் எல்லாப் படங்களிலும் வரும். அது தீயை அணைக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பங்கு தண்ணீர், அதில் நம் வயலில் போடுகிற உரத்தின் இனத்தைச் சேர்ந்த அம்மோனியம் பாஸ்பேட்டும், எங்கே விழுந்தது என்று விமானிக்குத் தெரிவதற்காகச் சாயமும். அதைத் தீயின் மேல் கொட்டுவதில்லை, தீ வரப்போகிற செடிகளின் மேல் கொட்டுகிறார்கள். செடி சூடாகும்போது சாதாரணமாக எரியக்கூடிய வாயுவாகப் பிரியும். அந்த வாயுதான் சுடராக எரிகிறது. பாஸ்பேட் இருந்தால் வாயு குறைந்து கரி அதிகமாகிறது. சுடர் தளர்கிறது. ஆனால் தளர்ந்த அந்த நேரத்துக்குள் தரையில் ஆட்கள் வந்து கோட்டை முடிக்கவில்லையென்றால் தீ அதையும் கடந்துவிடும். வானத்திலிருந்து நேரம் மட்டும்தான் வாங்க முடியும்.

இப்போது அடுத்த கேள்வி. புகை மூடிய மலையில் தீயின் எல்லை எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

முதல் கண் மிக உயரத்தில் இருக்கிறது. கோஸ்-18 என்ற வானிலைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நின்றபடி அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து அகச்சிவப்பில் அதன் ஒரு புள்ளி என்பது இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர், அதாவது சுமார் ஆயிரம் ஏக்கர். அதற்குள் ஒரு ஏக்கர் எரிந்தால் எப்படித் தெரியும்? சூட்டின் நிறத்தை வைத்து. 27 டிகிரி வெயிலில் கிடக்கும் தரை 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அதிகம் ஒளிர்கிறது. ஐந்நூறு டிகிரியைத் தாண்டிய நெருப்போ 4 மைக்ரோமீட்டர் பக்கம் ஒளிர்கிறது. 10 மைக்ரோமீட்டரில் பார்த்தால் அதே பரப்புள்ள நெருப்பு தரையைவிட இருபது மடங்கு சொச்சம்தான் பிரகாசம். 4 மைக்ரோமீட்டரில் பார்த்தால் ஆயிரம் மடங்குக்கும் மேல்! அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கு எரிந்தாலே அந்தப் புள்ளி முழுவதும் பளிச்சென்று தெரிகிறது. இருட்டறையில் ஒரு அகல்விளக்கு போல.

தெரிகிறது, ஆனால் ஆயிரம் ஏக்கருக்குள் எங்கே என்று தெரியாது. அதற்குத் தாழப் பறக்கும் செயற்கைக்கோள்கள். விர்ஸ் என்ற கருவி 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் அதைச் சுமக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஒரு இடத்தை நாளுக்கு இரண்டு முறைதான் கடக்கும். (டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனமும் இதே கருவியின் தகவலிலிருந்தும் தீ எச்சரிக்கைகளை எடுத்து, வனத்துறை ஊழியர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது.) இரண்டு மணி நேரத்தில் 5,000 ஏக்கர் போகும் தீக்கு நாளுக்கு இரண்டு முறை என்பது எந்த மூலைக்கு? எனவே கலிபோர்னியாவில் அகச்சிவப்புக் கேமரா பொருத்திய சிறு விமானங்கள் தீக்கு மேலே வட்டமிடுகின்றன. புகை வழியாகவும் நெருப்பின் விளிம்பு அதில் தெரியும். விளிம்பை வரைந்து, நிமிடக் கணக்கில் கீழே அனுப்புகிறார்கள். ‘இப்போது 9,400 ஏக்கர்’ என்பது போன்ற எண்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. மலை முகடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேமராக்களும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்திலுள்ள ‘அலர்ட் கலிபோர்னியா’ அமைப்பு அவற்றை நடத்துகிறது. புகையின் முதல் இழையைக் கணினியே கண்டுபிடித்து மனிதர்களை எழுப்பும்.

பொதுமக்களுக்கு இதையெல்லாம் ஒரே வரைபடத்தில் கொண்டுசேர்த்தது ‘வாட்ச் டியூட்டி’ என்ற லாபநோக்கற்ற செயலி. தீயணைப்பு வீரர்களின் வயர்லெஸ் பேச்சை மணிக்கணக்கில் காது கொடுத்துக் கேட்டு எழுதுபவர்களில் பலர் தன்னார்வலர்கள். முன்னாள் தீயணைப்பு வீரர்களும் அதில் இருக்கிறார்கள்.

இத்தனை கண்கள் இருந்தும் ஹியூஸ் தீக்கு இரண்டு வாரம் முன்பு நிலைமை கைமீறியிருந்தது. ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் காலை பாலிசேட்ஸ் தீ, மாலை ஈட்டன் தீ. பல மாதமாக மழையில்லாத புதர்க்காடு. சான்டா ஆனா காற்று உள்நாட்டு உயர்நிலத்திலிருந்து மலையிறங்கி வரும்போது அழுத்தம் கூடி, ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் பத்து டிகிரி சூடாகும், ஈரமெல்லாம் உலர்ந்துவிடும். அன்று சில இடங்களில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேலும் வீசியது. மாலையில் விமானங்களைத் தரையிறக்க வேண்டியதாயிற்று. எரியும் கங்குகள் பறந்துபோய் எங்கெங்கோ விழுந்து புதுத் தீயை மூட்டின. அதற்குப் பிறகு ‘எல்லை’ என்றே ஒன்று இல்லை. வேலி போடுவதை விட்டுவிட்டு வீரர்கள் வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியே இழுத்தார்கள். அந்த இரவில் சதவீதம் 0 என்றால், அது அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

ஈட்டன் தீ மாலை 6.20 வாக்கில் ஆரம்பித்தது. அது புகுந்த ஆல்ட்டடீனா என்ற ஊரின் மேற்குப் பகுதிக்கு வெளியேறும் உத்தரவு கைபேசியில் வந்தது அதிகாலை மூன்று மணி தாண்டி. ஈட்டன் தீயில் உயிரிழந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். எந்தத் தெருவை நெருப்பு எட்டியிருக்கிறது என்பதை ஆயிரம் ஏக்கர் புள்ளி சொல்லாது. இந்தக் கதை முழுவதிலும் என்னை உலுக்குவது இந்த இடம்தான். ஏக்கரும் சதவீதமும் நொடிக்கு நொடி வந்துகொண்டிருந்தன; தேவைப்பட்ட ஒரே தகவல் போய்ச் சேரவில்லை.

ஹியூஸ் தீயில் காற்று அவ்வளவு மூர்க்கமாக இல்லை, விமானங்கள் பறக்க முடிந்தது. முந்தைய தீக்களுக்காக வந்த ஆட்களும் வண்டிகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். காற்று எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார்கள். அன்றிரவே எண் 14 சதவீதத்துக்கு ஏறியது, பரப்பு 10,000 ஏக்கர் பக்கத்தில் நின்றுவிட்டது. உயிரிழப்பு இல்லை. இறுதிக் கணக்கு 10,425 ஏக்கர்.

ஆனால் 100 சதவீதம் என்று அறிவிக்க மாதக் கடைசி ஆயிற்று. முதல் இரவே ஓட்டம் நின்ற தீக்கு மேலும் ஒரு வாரம் எதற்கு?

அதற்குப் பதில் பாலிசேட்ஸில் இருக்கிறது. புத்தாண்டு பிறந்த சில நிமிடங்களில் அதே மலையில் லாக்மன் தீ என்ற ஒரு சின்னத் தீ பற்றியது. எட்டு ஏக்கரில் மடக்கிவிட்டார்கள். அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வாளர்கள் 2025 அக்டோபரில் சொன்னது: அது அணையவில்லை. அடர்ந்த புதரின் வேர்களுக்குள் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டே இருந்தது. ஆறு நாள் கழித்துக் காற்று வந்து அதை மேலே கிளப்பியதுதான் பாலிசேட்ஸ் தீ. 12 பேர் உயிரையும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களையும் அது கொண்டுபோனது.

அதனால்தான் கோடு முடிந்த பிறகும் வீரர்கள் போவதில்லை. எல்லையிலிருந்து உள்நோக்கி அடி அடியாக நடக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையையும் புரட்டுகிறார்கள், வேர்க்குழியைத் தோண்டித் தண்ணீர் விட்டுச் சேறாகக் கலக்குகிறார்கள். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு, புறங்கையைச் சாம்பலுக்கு மிக அருகில் கொண்டுபோகிறார்கள். சூடு தட்டினால் மறுபடி தோண்டுகிறார்கள். குளிர்ந்திருந்தால் எழுந்து அடுத்த குழிக்குப் போகிறார்கள்.