பத்துப் பொருத்தமும் விட்டுப்போன விசாரிப்பும்

பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணத்தின் பலம் ஜாதகத்தில் இல்லை, விசாரிப்பில் இருந்தது. பையன் குடிப்பானா, வீட்டில் கடன் எவ்வளவு, பெண்ணுக்கு உண்மையிலேயே சம்மதமா என்று நாலு பேரிடம் கேட்டு வந்த தரகரோ தாய்மாமனோ, பின்னால் பிரச்சினை என்றால் நடுவில் உட்கார்ந்து பதில் சொல்லவும் வேண்டியிருந்தது. மேட்ரிமோனி தளங்களில் வரன்கள் பெருகின; அந்த நடு ஆள் இல்லாமல் போனார். பயோடேட்டாவை நம்பி மூன்றாவது வாரமே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுகிறார்கள். அட்வான்ஸ் கட்டியபின் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது. கேட்பதை அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும், வேலை செய்யும் இடத்தில் தரும் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16-உம் கேட்பது அவமரியாதை அல்ல. சம்பளத்தைவிட அதில் எவ்வளவு தவணைக்குப் போகிறது என்பதே முக்கியம். இரு தரப்பும், வாங்கிய கடன்களின் வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போர்ட்டைக் காட்டிக்கொள்ளலாம். மறுமணம் என்றால் ‘டைவர்ஸ் ஆகிவிட்டது’ என்ற வாய்ச்சொல் போதாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலில் தேதியைப் பாருங்கள். எதிர்த்து நடத்திய வழக்கானால் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம் உண்டு; அதற்குள் தாலி கட்டினால் சிக்கல். நிலுவை வழக்குகளை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறினால் அகப்படாது என்பதால் இரண்டு மூன்று விதமாகத் தேடுங்கள். ஒன்றும் வரவில்லை என்பதாலேயே வழக்கு இல்லை என்று ஆகிவிடாது.

ஜாதகத்தில் ரஜ்ஜுப் பொருத்தம் பார்க்கிறவர்கள் ரத்தம் பார்ப்பதில்லை. ஒரே சமூகத்துக்குள், அதிலும் சொந்தத்துக்குள் முடிக்கும்போது இது பெரிய ஓட்டை. அத்தை மகன், மாமன் மகள் ஆகியோருக்கு மரபணுவில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகளைக் கட்டினால் நாலில் ஒரு பங்கு. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர் பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருப்பார். இருவருமே சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. எச்.பி.எல்.சி. என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

‘நாங்க எதுவும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க’ என்பதும் பல இடங்களில் கேட்பதுதான். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். கேட்காமல் வரும் அன்பளிப்புக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்கின்றன 1985 விதிகள். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு எல்லாம் எழுதி மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் இதைச் செய்கிற வீடு அபூர்வம். மாமியார் பீரோவில் வைத்த 40 சவரனை பின்னால் நிரூபிக்க முடியாமல் திண்டாடுவது இதனால்தான். நகை பில் பெண்ணின் பெயரில் இருக்கட்டும்.

பெண் பார்க்கும் அன்று மொட்டை மாடியில் பத்து நிமிடம் பேசுவது பேச்சாகாது. எங்கே குடியிருப்பது, அவள் சம்பளம் யார் கணக்குக்குப் போகும், குழந்தை எப்போது, பெற்றோரை யார் பார்ப்பது: இவற்றை இருவரும் வீட்டார் இல்லாமல் நாலைந்து தடவை பேசட்டும்.

ஏற்பாட்டுத் திருமணத்தில் குடும்பம் பின்னால் நிற்கும் என்பது உண்மை. பல வீடுகளில் பிரிவைத் தடுப்பதும் அந்தக் கைதான். ஆனால் அதே கைதான் வாயையும் பொத்தும். மனநோய்க்கான நீண்ட கால சிகிச்சை, முந்தைய திருமணம் போன்றவற்றை மறைத்தது தெரிந்தபின் ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போ’ என்று சமாதானம் பேசியே மாதங்கள் ஓடிவிடும். இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, முக்கிய உண்மையை மறைத்தோ வற்புறுத்தியோ சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் மோசடி தெரிந்த, அல்லது வற்புறுத்தல் நின்ற ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். அதன்பின் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபடும். விவாகரத்து மனுவுக்கோ பொதுவாகத் திருமணமாகி ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘ஒரு வருஷம் பொறுங்க’ என்று சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரிடம் கேட்குமுன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கடைசியாக, பதிவு. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். மண்டப ரசீது, பத்திரிகை, போட்டோ மூன்றையும் அதுவரை பத்திரமாக வையுங்கள்.