நரம்பு வலிக்குப் படம் பார்த்துப் போடும் ஊசி: நோயாளிகள் அறிந்திருக்க வேண்டியவை

ஒரே ஊசியில் வலி தீர்ந்துவிடும் என்று நம்பி வருகிறவர்களும், முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களும் வலி மருத்துவப் பிரிவின் ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருப்பதை அன்றாடம் பார்க்கிறேன். இருவருக்கும் முதலில் விளக்க வேண்டியது, எக்ஸ்ரே படத்தைத் திரையில் பார்த்தபடி நரம்பு வேரின் அருகே ஸ்டீராய்டு (அழற்சியைக் குறைக்கும் மருந்து) செலுத்தும் இந்த ஊசி என்ன செய்கிறது என்பதைத்தான். முதுகெலும்புகளுக்கு இடையே இருந்து விலகிய ஜவ்வை (டிஸ்க்) அது பழைய இடத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை. அழற்சியால் வீங்கியிருக்கும் நரம்பு வேரைத் தணித்து, உடல் தானாக ஆறிவரும் வாரங்களை ஓரளவு நடமாடவும் தூங்கவும் கூடிய வாரங்களாக ஆக்கித் தருகிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் இதன் பலன் முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் தெரிகிறது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போட்டுக்கொண்டவருக்கும் போடாதவருக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை.

எங்களிடம் அதிகம் வருவது சயாட்டிகா எனப்படும், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி. இடுப்பு முதுகெலும்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில் ஏதாவது ஒன்று பிதுங்கி, பக்கத்தில் இறங்கும் நரம்பு வேரைத் தொடுவதே பெரும்பாலும் காரணம். இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பான எல்5 பாதிக்கப்பட்டால் கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கி, புறங்காலைக் கடந்து பெருவிரல் வரை சுரீரென்று இழுக்கும். அதற்கு அடுத்துக் கீழே இருக்கும் எஸ்1 நரம்பு என்றால் பின்தொடை, குதிகால், சுண்டுவிரல் என்று போகும். நரம்பு நசுங்குவது மட்டும் வலிக்குக் காரணமல்ல. ஜவ்வின் உள்ளிருந்து கசியும் பொருட்கள் நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்குகின்றன. ஸ்டீராய்டு வேலை செய்வது அந்த அழற்சியின் மீதுதான். பிதுங்கிய ஜவ்வு பலருக்குக் காலப்போக்கில் தானாகவே சுருங்கிவிடுவதால், பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் வலி வெகுவாகக் குறைகிறது. அதனால்தான் வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஊசி கேட்டு வருகிறவர்களை, மாத்திரையும் இயன்ற அளவு நடமாட்டமும் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். தூங்கவே விடாத வலி என்றால் மட்டும் அந்த வாரங்கள் முடியும் முன்பே ஊசியைப் பற்றி யோசிக்கலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து ஊசி போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதுகு வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு ஜவ்வுப் பிதுக்கம் இருக்கும். உங்கள் கால் வலி போகும் பாதையும், பரிசோதனையில் தெரிகிற மரமரப்பும் பலவீனமும், படத்தில் காணும் பிதுக்கமும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் அந்த இடத்தில் ஊசி போடுவதற்குப் பொருள் உண்டு. காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இந்த ஊசி அவ்வளவாகப் பயன்படாது. வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயை நினைவில் வைத்துத்தான் ஆக வேண்டும். அங்கே ஸ்டீராய்டு போடுவது ஆபத்து.

ஊசிக்கு நாள் குறிக்கும் முன் உங்கள் மாத்திரைப் பட்டியலை முழுமையாகச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மாத்திரைகளை மறைத்தால், முதுகெலும்புக் குழாய்க்குள் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தும் அபாயம் உண்டு. வழக்கமாக குளோபிடோக்ரல் 7 நாட்களும் வார்ஃபரின் 5 நாட்களும் முன்னதாக நிறுத்தப்படுகின்றன. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்கள் இதய மருத்துவரும் நாங்களும் சேர்ந்துதான். ஸ்டென்ட் வைத்திருப்பவர் யாரோ சொன்னார்கள் என்று தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது, ஊசியால் வரக்கூடிய எந்தக் கெடுதலையும்விடப் பெரிய கெடுதலில் கொண்டுபோய் விடலாம். சர்க்கரை நோய், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகச் செலுத்தும் சாயமருந்துக்கு ஒவ்வாமை, கர்ப்பமாக இருக்கும் வாய்ப்பு, உடலில் எங்காவது சீழ் அல்லது காய்ச்சல் இருப்பது ஆகியவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி போடும் இடம் ஆபரேஷன் தியேட்டர் என்பதால் பலர் பயந்துவிடுகிறார்கள். கிருமி புகாமல் இருக்கவும், சி-ஆர்ம் எனப்படும் எக்ஸ்ரே கருவி அங்கே இருப்பதாலும்தான் அந்த ஏற்பாடு. வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வைப்போம். தோலை மருந்தால் துடைத்து, மரத்துப்போகும் ஊசியை முதலில் போடுவோம். அந்த எரிச்சல் சில நொடிகள்தான். பிறகு மெல்லிய, நீண்ட ஊசியைத் திரையில் பார்த்துப் பார்த்து நகர்த்தி, நரம்பு வெளிவரும் துளையின் ஓரத்தில் நிறுத்துவோம். கையால் தடவி இடம் குறித்துப் போடும் ஊசி, அனுபவமுள்ளவர் போட்டாலும் சில மில்லிமீட்டர் விலகிவிடலாம். அந்த அளவு விலகினாலே மருந்து தசைக்கோ ரத்தக்குழாய்க்கோ போய்விடக்கூடும். அதனால்தான் மருந்துக்கு முன்பே ஓரிரு மில்லி சாயம் செலுத்துகிறோம். சரியான இடமென்றால் நரம்பு வேரின் வடிவத்தை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு திரையில் சரிந்து இறங்கும். ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் சாயம் நொடியில் அடித்துக்கொண்டு மறைந்துவிடும், ஊசியை இடம் மாற்றியாக வேண்டும்.

முழு மயக்கம் தராமல் உங்களை விழித்திருக்கச் செய்வதும் பாதுகாப்புக்காகத்தான். விசைத்தறியில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் ஓர் அம்மா, சாயம் இறங்கிய கணத்தில், "இதேதான் டாக்டர், ராத்திரி இழுக்கிற அதே வலி, பெருவிரலுக்குப் போகுது" என்றார். நாங்கள் தேடிய நரம்பு அதுதான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று திரையில்கூடக் கிடைக்காது. அந்த அழுத்தம் சில நொடிகளில் அடங்கிவிடும். ஆனால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சட்டென்று காலில் வெட்டினால் அசையாமல், உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசியைப் பின்னால் இழுத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எந்த ஸ்டீராய்டு போடப் போகிறீர்கள் என்று மருத்துவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. துகள் கலந்த ஸ்டீராய்டுகள் தவறி ஒரு தமனிக்குள் போனால் அடைப்பை உண்டாக்கி, மூளையையோ தண்டுவடத்தையோ பாதிக்கலாம். முதுகெலும்புக் குழாயருகே போடும் ஸ்டீராய்டு ஊசிகளால் மிக அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு, கால் செயலிழப்பு, மரணம் கூட நேரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்தது. கழுத்துப் பகுதியில் ஆபத்து கூடுதல் என்பதால் அங்கே துகளற்ற டெக்ஸாமெத்தசோனையே தேர்ந்தெடுக்கிறோம். இடுப்பிலும் முதலில் அதையே எடுப்பது என் வழக்கம். அமெரிக்காவில் 2012-இல் மாசுபட்ட ஸ்டீராய்டுக் குப்பிகளால் பூஞ்சை மூளைக்காய்ச்சல் பரவி 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை வைத்துச் சொல்கிறேன்: முத்திரை உடையாத, ஒருவருக்கு மட்டுமேயான குப்பி உங்கள் முன் திறக்கப்பட வேண்டும்.

ஊசிக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில்தான் நோயாளிகள் அதிகம் குழம்புகிறார்கள். முதல் சில மணி நேரம், ஸ்டீராய்டோடு சேர்த்துச் செலுத்தும் மரத்துப்போகும் மருந்தால் வலி பெரிதும் அடங்கும், கால் கொஞ்சம் கனக்கவும் தளரவும் கூடும். அன்று வண்டி ஓட்டாதீர்கள், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். அந்த மருந்தின் வேகம் தணிந்ததும் பழைய வலி திரும்பி வரும்; சிலருக்கு ஓரிரு நாள் முன்னைவிடக் கூடவே இருக்கும். ஊசி தோற்றுவிட்டது என்று நினைத்து மறுநாள் காலையிலேயே அழைப்பவர்கள் உண்டு. ஸ்டீராய்டு வேலையைத் தொடங்கப் பெரும்பாலும் 2 முதல் 7 நாட்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகும். முதல் நாளின் அந்தச் சில மணி நேர நிம்மதியை எங்களிடம் மறக்காமல் சொல்லுங்கள். வலியின் ஊற்று அந்த நரம்புதான் என்பதை அது காட்டுகிறது. முகம் சிவந்து சூடாவது, இரவில் தூக்கம் வராமல் போவது, மாதவிடாய் தள்ளிப்போவது ஆகியவை சில காலத்தில் தாமாகச் சரியாகும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை அளவு ஏறும். அந்நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி சோதித்து, இன்சுலின் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால் தெரிவியுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் கூடிக்கொண்டே போகும் வலி, கால் பலவீனம் நாளுக்கு நாள் மோசமாவது, சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் அடக்க முடியாமை, உட்காரும் பகுதி மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும். கடைசி மூன்றும் ஊசி போடாதவர்களுக்கும் பொருந்தும். ஜவ்வு நரம்புக் கொத்தை நசுக்கியிருந்தால் அதற்கு வழி அறுவைச் சிகிச்சைதான், அதுவும் உடனடியாக.

மூன்று ஊசி ஒரு கோர்ஸ் என்று முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். முதல் ஊசியின் பலனைப் பார்த்த பிறகே இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டும். பல வாரங்கள் நன்றாக இருந்து பிறகு வலி மெதுவாகத் திரும்பினால் மறுபடி போடலாம். பொதுவாக ஓராண்டில் மூன்று, நான்குக்கு மேல் போடுவதில்லை. முதல் ஊசி எந்தப் பலனும் தரவில்லை என்றால், அதே இடத்தில் அதையே திரும்பப் போடாமல், வலிக்குக் காரணம் அந்த நரம்புதானா என்று மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். நரம்பு அதுதான் என்று உறுதியாகி, வலியும் பல வாரங்களாக விடவில்லை என்றால், முதுகெலும்பு அறுவை மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வலி தணிந்திருக்கும் வாரங்களில் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சிகளைத் தொடங்கிவிடுங்கள். வலி முழுவதும் போகட்டும் என்று காத்திருந்தால் அந்த வாரங்கள் வீணாகிவிடும்.